காயாத பனி

பனி காயவில்லை.

புனிதன் ஆள்காட்டி விரலின் நுனியால், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல், தெருவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் வெள்ளையாக ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது. தெருவில் அதே அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது.

"ஏங்க, காஞ்சிடுச்சா?" அடுப்படியிலிருந்து குமுதவல்லி கேட்டார்.

"காஞ்சிக்கிட்டிருக்கு."

"இதையேதான் திங்கக்கிழமையிலேருந்து சொல்றீங்க."

அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராசா என்ற ஊரில் குமுதவல்லியின் அக்கா ரோகினி புது வீட்டில் பால் காய்ச்சுகிறார். அதற்குள் படத்தில் இருந்த இந்தப் பனி காய்ந்தாக வேண்டும். மனைவி குமுதவல்லி இரண்டு வருடங்களாகக் காத்திருந்த மரியாதை அந்த ஈரத்தில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் ஒரு சுவர்க் கடிகாரத்தில் ஆரம்பித்தது. ரோகினியின் கல்யாண நாளுக்குக் குமுதவல்லி பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. அடுத்த முறை போனபோது அது ஹாலில் இல்லை. சாமி அறையிலும் இல்லை. போகிற நேரத்தில் கழிவறைக்குப் போன குமுதவல்லி, அங்கே அது மணி சரியாகக் காட்டிக்கொண்டு தொங்குவதைப் பார்த்தார்.

"காலையில அவருக்கு நேரம் போறதே தெரியலைலா, அதான்" என்றார் ரோகினி.

வீடு வந்து சேரும்வரை குமுதவல்லி பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. புனிதனுக்கு மௌனம் பழக்கமானதுதான். மந்தின் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, சமையல் எண்ணெய்க்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரக் கிடங்குக்கு அவர்தான் கணக்கெழுதும் கிராணி. நாள் முழுக்க மூட்டைகளோடு இருப்பவர். சாயங்காலங்களில் பக்கத்து வீட்டு வேன்காரர் சன்னாசியோடு வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். எழுந்து போகும்போது இரண்டு பேருக்கும் நிறையப் பேசியதுபோல் இருக்கும். ஆனால் குமுதவல்லியின் அந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது.

அப்புறம் போன மாதம் ரோகினி வீட்டில் புது வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, குமுதவல்லி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவ நாங்க கடையில ஒண்ணும் வாங்கப் போறதில்லக்கா. இவரே கையால வரைஞ்சி குடுக்கப் போறாரு. ஆயில் பெயிண்டிங். மாமா போயிட்டு வந்தாருல்ல, அந்த சூரிக் தெரு. பனியோட. ஹால்ல மாட்டுற மாதிரி பெருசா."

புனிதன் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த பிஸ்கட் உள்ளே விழுந்து மூழ்கியது. அவர் இரண்டு வருடங்களாக யூடியூபைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பழகிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் அதுவரை வரைந்தவை வாழைப்பழம், பப்பாளி மரம், சன்னாசியின் வேன். பனி என்று அவர் நேரில் பார்த்தது குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான். இந்த மலாய் நாட்டில் பேரங்காடிகளில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் செயற்கைப் பனிக் கூடத்துக்குக்கூட அவர் போனதில்லை.

"சூரிக்கா?" என்றார் ரோகினியின் கணவர் மகேந்திரன். "புனிதா, அது சாதாரண ஊர் இல்ல. பாத்து வரை."

மகேந்திரன் சிரம்பானில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. போன டிசம்பரில் கம்பெனி அவரை மட்டும் ஐந்து நாள் கடல் கடந்து சூரிக் நகரத்துக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் சூரிக்கில் போய்த்தான் நிற்கும். யாராவது வெயில் என்றால் அங்கே வெயிலே கிடையாது என்பார். யாராவது மழை என்றால் அங்கே மழைகூடச் சத்தம் போடாமல் பெய்யும் என்பார். கைபேசியில் முந்நூறு படங்கள் வைத்திருந்தார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கழுத்தை நீட்டுவதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

"அண்ணே, அதுல ஒரு படத்த அனுப்பினீங்கன்னா, பாத்து வரைஞ்சிருவேன்."

"ஒவ்வொரு ஃபைலும் பெருசுலா. போகாது. நான்தான் இருக்கேன்ல, என்னக் கேளு."

புனிதன் அவரைக் கேட்கவில்லை. யூடியூபில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் இம்ப்ரெஷனிசப் பாணியில் பனித் தெரு வரையக் கற்றுக்கொடுத்தார். பனியை வெள்ளையாக வரையாதே என்பதுதான் அவருடைய முதல் பாடம். நிழலில் நீலம் பார், ஊதா பார், விளக்கொளி விழுகிற இடத்தில் ஆரஞ்சு பார், கறுப்பைத் தொடாதே, ஒவ்வொரு தீற்றலையும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடு.

புனிதன் இதை நம்பவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிடங்கைத் திறந்தபோது ஒரு யூரியா மூட்டை கிழிந்து தரையில் குவிந்து கிடந்தது. வழக்கமாக உடனே ஆளைக் கூப்பிட்டு அள்ளச் சொல்லியிருப்பார். அன்று அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கதவுப் பக்கத்து வெளிச்சம் விழுந்த சரிவு லேசான மஞ்சள். மறு பக்கம் நீலம். அடியில், தரையைத் தொடும் இடத்தில், நிச்சயமாக ஊதா. இருபத்தாறு வருடங்களாக அதை வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மூட்டை தூக்க வந்தவர்கள் கிராணிக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

இரண்டு வாரத்தில் படம் முடிந்தது. இரண்டுக்கு மூன்றடித் துணியில் சாயங்கால நேரத்து நகரத் தெரு. தூரத்தில் ஒரு டிராம் வண்டி. மாடி ஜன்னல்களில் வெளிச்சம். நாலைந்து ஆட்கள், ஒவ்வொருவரும் இரண்டே தீற்றல். எல்லாவற்றின் மேலும் நீலமும் ஊதாவுமாகப் பனி.

குமுதவல்லி மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். "என்னங்க இது, ஒரே திட்டுத் திட்டா இருக்கு."

"கிட்ட நின்னா அப்படித்தான். தள்ளிப் போய்ப் பாரு."

அவர் பின்னோக்கியே நடந்தார். கதவைத் தாண்டினார், வாசலைத் தாண்டினார், சாக்கடையைத் தாண்டி எதிர்வீட்டு மயிலம்மாளின் துணிக்கொடிக்கு அடியில் போய் நின்றார். அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். இந்த மௌனம் நல்ல மௌனம் என்று புனிதனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"ஏங்க," என்று அங்கிருந்து கத்தினார், "குளிருதுங்க!"

அத்தோடு படத்தைத் துணி போட்டு மூடி வைத்திருந்தால் கதையே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மகேந்திரன் அழைத்தார். கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது.

"என்ன புனிதா, பனி என்ன கலர்ல போட்ட?"

"நீலம், ஊதாண்ணே. அங்கங்க கொஞ்சம் ஆரஞ்சு."

மறுமுனையில் மகேந்திரன் சிரித்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. "பனிய நேர்ல பாத்திருக்கியா நீ? நான் அதுல நின்னவன்யா. உப்பு மாதிரி இருக்கும். சுத்த வெள்ளை. மூலைக்கு மூலை ஒரே வெள்ளை. ஊதாவாம்! கலர் பாகு ஊத்தித் திங்கிற ஐஸ் கச்சாங்கா வரையிற?"

குமுதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கைபேசியை வைத்ததும் சொன்னார்: "வெள்ளையாக்கிடுங்க."

"அந்தத் தாடிக்காரரு…"

"தாடிக்காரரு வீட்டுக்கா குடுக்கப் போறோம்? மாமா நேர்ல பாத்தவரு. நீங்க எதப் பாத்தீங்க?"

"யூரியாவப் பாத்தேன்."

குமுதவல்லி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். புனிதன் தூரிகையை எடுத்தார்.

அன்றே தெரு முழுக்க வெள்ளை ஏறியது. கனமாகப் பூசினால்தான் அடியில் இருந்த ஊதா மறைந்தது. வெள்ளை வண்ணத்தைக் குழைக்க ஆளிவிதை எண்ணெய் வேண்டும். சிரம்பானில் வாங்கி வந்த சின்னப் போத்தல் முதலில் வரைந்தபோதே தீர்ந்துபோயிருந்தது. புனிதன் சுற்றும் முற்றும் பார்த்தார். அடுப்பு மேடையில் ஐந்து கிலோ சமையல் எண்ணெய், பிளாஸ்டிக் தோம்பு நிறைய, பொன் நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

மூன்று நாளாகக் காயாமல் இருந்தது அந்தப் பனிதான்.

புதன்கிழமை சாயங்காலம் குமுதவல்லி வடை சுட வந்து எண்ணெயைத் தேடினார்.

"எண்ணெய் தோம்பு எங்கங்க?"

"இங்க இருக்கு."

அவர் வந்து பார்த்தார். தோம்பின் வாயில் வெள்ளை வண்ணம். பக்கத்தில் தூரிகைகள்.

"சமையல் எண்ணெயவா ஊத்தினீங்க?"

"எண்ணெய்ச் சித்திரம்னுதான சொல்றாங்க. நம்ம தோட்டத்து எண்ணெய் ஊர் உலகமெல்லாம் போவுது. இந்தத் தெருவுக்கு மட்டும் ஆகாதா?"

குமுதவல்லியும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அந்த வாதத்தில் குற்றம் கண்டுபிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. "வடை மாதிரியே இதுவும் ஆறினா கெட்டியாயிரும்" என்று சொல்லிவிட்டு மீதியை ஊற்றி வடை சுட்டார்.

வடை ஆறியது. பனி ஆறவில்லை.

வியாழக்கிழமை மகேந்திரன் மறுபடியும் அழைத்தார்.

"தெருவுல ஆளுங்க இருக்காங்களா?"

"நாலஞ்சு பேர் இருக்காங்கண்ணே. கறுப்பா தெரியிற மாதிரி…"

"தப்பு. அங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டு. நீல கோட்டு, தோளுல ஆரஞ்சு பட்டை. காலுல மஞ்சள் பூட்ஸு."

"ஊருல எல்லாருமேவா?"

"எல்லாருந்தான்யா. அங்க டிசிப்ளின் அப்படி."

புனிதனுக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. இப்போது கேட்டுவிட்டார். "அண்ணே, அங்க வானம் எப்படி இருக்கும்?"

மறுமுனையில் இருமல் கேட்டது.

"வானமா?"

"ஆமாண்ணே. மேல."

"குளிர்ல யாருய்யா மேல பாப்பா? குனிஞ்சிக்கிட்டுத்தான் நடக்கணும். நீ சொன்னத மட்டும் போடு."

புனிதன் சொன்னதைப் போட்டார். ஈரத்தின் மேல் ஈரம். ஆரஞ்சுப் பட்டை பனியில் கலந்து ஓடியது, மஞ்சள் பூட்ஸ் ஆரஞ்சில் ஓடியது. அடக்குவதற்காக ஒவ்வொரு ஆளையும் கொஞ்சம் பெரிதாக்கினார். பெரிதான ஆட்களுக்கு முகம் தேவைப்பட்டது. எட்டிப் பார்த்த மயிலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கிராணி, இது நம்ம தோட்டத்துல மருந்தடிக்கிற கூட்டம்தான? முதுகுல டாங்கிய மட்டும் மறந்துட்டீங்க போல."

"இது சூரிக் மயிலு."

"அங்கயும் மருந்தடிக்கிறாங்களா?"

சன்னாசி அவருக்குப் பின்னால் நின்று படத்தை வெகுநேரம் பார்த்தார்.  போகும்போது புனிதனின் தோளை ஒரு தடவை தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. புனிதன் படத்தை வெளியே கொண்டுபோய்ப் பப்பாளி மரத்தில் சாய்த்து வைத்தார். சூடு ஏற ஏறப் பனி இளகியது. ஒரு கூரையின் வெள்ளை மெல்ல இறங்கி ஜன்னலை மூடியது. பதறிப்போய் நிழலுக்கு மாற்றினார். நிழலுக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடி வந்து, விளக்கைப் போட்டு, சேதம் என்ன என்று பார்க்க உட்கார்ந்தார். மழை விட்டதும் ஈசல் வந்தது.

தோட்டத்து ஈசலுக்கு வெளிச்சம் என்றால் போதும். பத்து நிமிடத்தில் சூரிக் தெருவில் ஆள் நடமாட்டம் பல மடங்கு கூடிவிட்டது. சிலர் சிறகோடு இருந்தார்கள். சிலர் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அசையாதீங்க" என்றார் குமுதவல்லி, அசையாமல் நின்ற புனிதனைப் பார்த்து. புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கிய இடமெல்லாம் குழி. குழியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அலமாரியிலிருந்து முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, புனிதன் வாயைத் திறப்பதற்குள் தெரு முழுக்கத் தூவினார்.

"ஈரத்த இழுத்துக்கும்லா. வியர்க்குருக்கே இழுக்குது."

இழுத்தது. பனி இட்லி மாவு பதத்துக்கு வந்தது. வீடு முழுக்க மல்லிகை வாசம் அடித்தது.

இரண்டு பேரும் தள்ளிப் போய் நின்று பார்த்தார்கள். வாசல்வரை போனார்கள். சாக்கடைவரை போனார்கள். மயிலம்மாளின் துணிக்கொடிவரை போனார்கள். எவ்வளவு தள்ளிப் போனாலும் அது மாவுக்குள் சிக்கிய மருந்தடிக்கும் கூட்டமாகவே இருந்தது.

சனிக்கிழமை மதியம், புனிதன் தாடிக்காரரின் வீடியோவுக்கு அடியில் எழுதியிருந்த கேள்விக்குப் பதில் வந்தது. யாரோ ஒருவர் எழுதியிருந்தார். ஆளிவிதை எண்ணெய் காற்று பட்டால் கெட்டியாகும். செம்பனை எண்ணெய் கெட்டியாகாது. நாளைக்கும் ஆகாது, நூறு வருடத்துக்கும் ஆகாது.

புனிதன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கைபேசியை மனைவியிடம் நீட்டினார். அவரும் படித்தார். வெளியே மயிலம்மாளின் கோழி கேறிக்கொண்டிருந்தது. 

"சுரண்டிட்டா?" என்று கடைசியில் கேட்டார் குமுதவல்லி.

"சுரண்டினா அடியில இருக்கறதும் கீறிடும்."

"மந்தினுக்குப் போயி…" அவர் முகப்பவுடர் டப்பாவை மூடினார். "ஒரு கடிகாரம் வாங்கிட்டு வந்துரலாங்க. எங்க வேணா மாட்டிக்கட்டும்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் புனிதன் சரி என்றிருப்பார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.  புனிதன் எழுந்து போய்ச் செம்பனை மட்டையில் நான்கு குச்சிகள் சீவி எடுத்துவந்தார். சட்டத்தின் நான்கு மூலையிலும் அவற்றைக் கட்டி, படத்தில் படாமல் கூடாரம்போல ஒரு போர்வையைப் போர்த்தினார்.

"எடுத்துக்கிட்டே போவோம்" என்றார். "நீ சொல்லிட்ட. நான் வரைஞ்சிட்டேன். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சன்னாசி வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்சீட்டில் படத்தை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் புனிதனும் மறுபக்கம் பட்டுப்புடவையில் குமுதவல்லியும் பிடித்துக்கொண்டார்கள். வேனில் ஏர்கோன் கெட்டுப்போய் மூன்று மாதம். ஜன்னலைத் திறந்தால் போர்வை பறக்கும். மூடிக்கொண்டே போனார்கள்.

மந்தின் மலைப்பாதையின் முதல் வளைவில், போர்வைக்கு உள்ளே ஏதோ 'பொத்' என்றது.

"என்னங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

அடுத்த வளைவில் இன்னொரு 'பொத்.' அதற்கடுத்த வளைவில் நீளமாக ஒரு வழுக்கல். கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று புனிதனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி வழியாகச் சன்னாசி ஒரு தடவை பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். ஒன்றும் பயனில்லை.

ராசாவில் புது வீடு நிறைய ஆட்கள். பால் பொங்கி முடிந்து, ஹாலில் பசியாறிக்கொண்டிருந்தார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு புதுத் தொலைக்காட்சி. அதற்கு எதிர்ச் சுவர் காலியாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு ஆணி.

"வா வா குமுதா!" என்றார் ரோகினி. "எங்க அந்தப் படம்? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா."

மகேந்திரன் கையில் தேநீரோடு வந்து முன்னால் நின்றார். "போர்வைய எடு புனிதா. பாப்போம்."

குமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டார். புனிதன் போர்வையை எடுத்தார்.

பசியாறிக்கொண்டிருந்தவர்களின் கைகள் தட்டில் நின்றன.

குமுதவல்லி ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மறு கண்ணையும் திறந்தார்.

சமையல் எண்ணெயில் குழைத்த வெள்ளை மொத்தமும் வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. போகிற போக்கில் நீலக் கோட்டு, ஆரஞ்சுப் பட்டை, மஞ்சள் பூட்ஸ், முகங்கள், முகப்பவுடர், ஈசல் குழி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய், சட்டத்தின் அடிக்கட்டையில் ஒரு முழ நீளத்துக்குக் குவிந்து கிடந்தது. மேலே, மூன்று வாரத்துக்கு முன் ஆளிவிதை எண்ணெயில் வரைந்து நன்றாகக் காய்ந்திருந்த முதல் தெரு அப்படியே இருந்தது. ஊதா நிழல், நீலக் கூரைகள், ஜன்னலிலிருந்து சிந்திய ஆரஞ்சு வெளிச்சம், இரண்டே தீற்றலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள். எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று, இப்போதுதான் பெய்து விட்டதுபோல் ஒட்டியிருந்தது.

ஹால் பெரியது. எல்லாரும் தள்ளித்தான் நின்றார்கள்.

ஒரு அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். இன்னொருவர், "அடியில பாரு, நெசப் பனி மாதிரியே குவிச்சி வச்சிருக்காரு. மல்லிகைப்பூ வாசம் வேற வருது" என்றார்.

ரோகினி தங்கையின் கையைப் பிடித்தார். "இவரா வரைஞ்சாரு? குமுதா, நெசமாவா?"

"ஆமாக்கா" என்றார் குமுதவல்லி. 

"ஏங்க, இந்தப் படத்த அந்த ஆணியில மாட்டிரலாம்" என்றார் ரோகினி கணவரிடம்.

மகேந்திரன் தேநீரைக் கீழே வைத்தார். அந்த ஆணியில் எதை மாட்டுவதாக அவர் நினைத்திருந்தாரோ தெரியாது. முகம் சுருங்கிவிட்டது.

"மாட்டலாம், மாட்டலாம். ஆனா இது பனியே இல்ல. புனிதா, நான் உங்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா? வெள்ளைன்னு சொன்னேன். கோட்டு சொன்னேன். எதையாவது போட்டியா?"

"போட்டேண்ணே" என்றார் புனிதன். "நிக்கல."

"நாலு பேர் வந்து போற வீடு. சூரிக்குன்னு சொல்லி இத மாட்டினா, போயிட்டு வந்தவன் என்ன மதிப்பான்? எல்லாரும் இப்படித் திரும்புங்க. நான் காட்டுறேன், நெசமான சூரிக்க."

மகேந்திரன் கைபேசியை எடுத்தார். அவருடைய படங்கள் அந்தச் சின்னத் திரையை விட்டு வெளியே வந்ததே இல்லை. அன்று புதுத் தொலைக்காட்சியும் கோபமும் சேர்ந்து இருந்ததால், எதையோ அழுத்தி, எதையோ இழுத்து, முதல் படத்தைச் சுவர் அகலத்துக்கு விரித்துவிட்டார்.

திரையில் மகேந்திரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நீலக் கோட்டு, ஆரஞ்சுப் பட்டை, மஞ்சள் பூட்ஸ். காலடியில் உப்பு மாதிரி, மூலைக்கு மூலை, சுத்த வெள்ளை. பின்னால் அதே கோட்டில் பத்து இருபது பேர்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். "இது சூரிக்."

எல்லாரும் பார்த்தார்கள். குமுதவல்லியின் கை அக்காவின் கையிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. ரோகினி ஆணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற புனிதன், சகலை சொன்னது அவ்வளவும் சரிதான் என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டார். அவர் நின்றிருக்கிறார். நான் யூரியாவைப் பார்த்தேன்.

வாசல் பக்கம் தட்டோடு நின்றிருந்த சன்னாசி, இடியப்பத்தை மென்றுகொண்டே நடந்து வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார். தலையைச் சாய்த்து, மகேந்திரனின் தோளுக்குப் பின்னால் பச்சை விளக்காக எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றை வெகுநேரம் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்கினார். திரும்பினார்.

"ஒரு சந்தேகம் சார்," என்றார், "சூரிக்லயும் வெளிய போற கதவுக்கு மேல 'கெலுவார்'னு மலாய்லதான் எழுதி வைப்பாங்களா?"